கூழாங்கல்லில் நடக்கும் முன்

நத்தம்,
மாசி, வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. பேத்தி தவழத் தொடங்கியதையும், மகன் புது வீட்டுக்குக் கடைக்கால் போட்டதையும் படித்து மனம் நிறைந்தது. ஆனால் நான்காம் பக்கத்தில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறாய். 'கொஞ்ச நாளாகக் கால் மதமதவென்று இருக்கிறது, பஞ்சின் மேல் நடப்பது போல. வயதாகிவிட்டது அல்லவா' என்று ஒன்று. 'பூங்காவில் எட்டு நடைக்குச் சேர்ந்திருக்கிறேன். வெறுங்காலோடு கூழாங்கல்லில் நடந்தால் நரம்பெல்லாம் தூண்டப்படும் என்கிறார்கள்' என்று இன்னொன்று. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்த பிறகு எனக்குக் கை ஓடவில்லை. உனக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இந்த மதமதப்பை வயதின் மேல் போடாதே.

என் அண்ணன் காலைப் பற்றி உனக்கு அப்போது முழுதாக எழுதவில்லை. எழுத மனம் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

போன வருடம் தைப்பூசத்துக்கு அவர் வழக்கம்போலப் பழனிக்கு நடந்து போனார். திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக வெறுங்கால் நடை. முப்பது வருடமாகப் போகிறவர் என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்த ஐந்தாம் நாள், அவர் படுத்து எழுந்த பாயில் ஒரு கறை இருந்தது. ஒரு வாடையும் இருந்தது. அந்த வாடை உனக்கும் எனக்கும் தெரியாததா? காலை இழுத்து மடியில் வைத்துப் பார்த்தேன். இடது காலில் இரண்டாம் விரலுக்கு அடியில் மிளகு அளவு கறுப்புப் புள்ளி. சுற்றிலும் தோல் வெந்து வெளுத்திருந்தது. லேசாக அழுத்தியதும் சீழ் வந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தேன், விரற்கடை நீளத்துக்குக் கருவேல முள் வந்தது. அவர் செய்தித்தாளைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கூடச் சிமிட்டவில்லை. 'வலிக்கவில்லையா அண்ணா?' என்று கேட்டேன். 'எதையோ தொடுகிறாய் என்று தெரிகிறது' என்றார்.

தோல் வெந்த காரணம் அப்புறம்தான் தெரிந்தது. காலில் ஏதோ உறுத்துவது போல மரத்த உணர்வு இருந்ததாம். யாரோ சொன்னார்கள் என்று எருக்கம்பால் வைத்திருக்கிறார். கால் களைப்பு தீர உப்புப் போட்ட வெந்நீரில் பாதத்தை அமிழ்த்தியிருக்கிறார், அதன் சூடும் அவருக்குத் தெரியவில்லை. முள் ஒரு பக்கம், பால் ஒரு பக்கம், வெந்நீர் ஒரு பக்கம். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த விரலை எடுத்துவிட்டார்கள். ஒரு விரலோடு நின்றதற்கு நான் இன்றும் மாரியம்மனுக்கு விளக்குப் போடுகிறேன்.

நாம் பயிற்சிக் காலத்தில் தொழுநோய்ப் பிரிவில் உட்கார்ந்து கற்றதெல்லாம் அன்று ராத்திரி எனக்கு நினைவுக்கு வந்தது. பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவரைப் பற்றி நமக்குச் சொன்னார்களே, நினைவிருக்கிறதா? 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தபோது, தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி போனதால் அடிபட்டும் சுட்டும் தேய்ந்தும்தான் அழிகின்றன என்று கண்டறிந்தார். தூங்கும்போது எலி கடிப்பது கூடத் தெரியாமல் இருந்திருக்கிறார்கள் என்று அறிந்து, வீடு திரும்புகிறவர்களுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார். பிறகு அமெரிக்காவுக்குப் போய், அதே அறிவைச் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் பயன்படுத்தினார். நோய் வேறு, ஆனால் மரத்த கால் ஒன்றுதான். இதைப் படித்த நானே, கூடப் பிறந்தவர் காலை ஒரு நாளும் திருப்பிப் பார்க்கவில்லை. அந்த வருத்தம்தான் என்னை இப்படி எழுத வைக்கிறது.

உடம்பில் மிக நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. சர்க்கரை அவற்றைத்தான் முதலில் கெடுக்கிறது. வேர்வையும் குறைந்துபோவதால் குதிகால் காய்ந்து வெடிக்கிறது. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் சின்னக் கீறல் கூட ஆறாது. அப்படிப்பட்ட காலுக்குக் கூழாங்கல் எந்த நரம்பையும் உயிர்ப்பித்துத் தராது. கல் குத்திப் பாதத்தில் நீர் கோத்தாலும் உனக்குத் தெரியப் போவதில்லை. எட்டு நடையை விடாதே, நடப்பது உனக்கு மிக நல்லது. விரல்களை நெருக்காத நல்ல ஷூவும் பருத்திக் காலுறையும் போட்டுக்கொண்டு, கல் இல்லாத பாதையில் நட. கூட வருகிறவர்கள் கேட்டால் என் அண்ணன் கதையைச் சொல். சர்க்கரை உள்ளவர்கள் அவர்களிலும் இருப்பார்கள். நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை இருப்பதாக 2023-இல் வந்த ஆய்வு சொல்கிறது.

இங்கே எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பெண்கள் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் பெண்ணும் நேரம் கிடைத்தால் வந்து உட்காருகிறாள். ஒரு பெரிய கண்ணாடியைத் தரையில் வைத்து, விளக்கைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொருவராகப் பாதத்தை அதற்கு மேலே நீட்டிப் பார்க்கிறார்கள். முதல் வாரம் வெட்கப்பட்டார்கள். இரண்டாம் வாரம் ஒருவர் செருப்பில் ஆணி மேலே வந்து குதிகாலில் குழி விழுந்திருந்ததைக் கண்டோம். அவர் அந்தச் செருப்போடு சந்தைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

என்னை உலுக்கியது மெட்டிதான். எதிர் வீட்டு அக்காவுக்குக் கால் வீங்கி, வெள்ளி மெட்டி விரலில் பதிந்திருந்தது. கழற்ற மாட்டேன் என்றார். புருஷன் இருக்கும்போது எப்படிக் கழற்றுவது என்று கண் கலங்கினார். எனக்கும் அந்த மனம் புரிகிறது, அதட்ட முடியவில்லை. சோப்பு நீர் விட்டு மெல்லச் சுழற்றினோம். அடியில் தோல் வெளுத்து ஊறிப்போய், ஒரு சின்ன ஈரப் புண். எத்தனை நாளாக இருந்ததோ! ஆறும் வரை அந்த மெட்டியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். ஆறிய பிறகு தட்டாரிடம் கொடுத்து வாயைத் தளர்த்தி வாங்கி, முன்போல விரலில் போட்டுக்கொண்டார். உன் மெட்டியை இன்று ராத்திரியே சுழற்றிப் பார்.

தினமும் படுக்கப் போகும் முன் காலைக் கழுவு. தண்ணீரின் சூட்டைப் பாதத்தால் பார்க்காதே, முழங்கையால் பார். விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றி ஈரம் இல்லாமல் துடை. தேங்காய் எண்ணெயைக் குதிகாலில் தடவு, இடுக்கில் வேண்டாம், அங்கே ஊறினால் சேற்றுப்புண் வரும். நகத்தை நேராக வெட்டு. பாத ஆணிக்குப் பிளேடு, மருந்துக்கடைப் பட்டை எதுவும் வேண்டாம். செருப்பை மாலையில் வாங்கு, அப்போதுதான் காலின் உண்மையான அளவு தெரியும். பின்வார் வைத்த, எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்புதான் உனக்கு நல்லது. வீட்டுக்குள் செருப்பா என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. உள்ளே போட மட்டும் ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொள், பூஜை அறை வாசலில் கழற்றி விடு. வெளியே போடும் செருப்பை உதறிவிட்டுப் போடு.

இன்னொன்று. நீ வருடக்கணக்கில் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறாய், அசைவமும் தொடுவதில்லை. பி12 சத்து குறைந்தாலும் இப்படி மரத்துப்போகும். டாக்டரிடம் அதையும் பார்க்கச் சொல். அந்த மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே. புண், சிவப்பு, வாடை, கறுப்பு எது தெரிந்தாலும் அன்றே போய்விடு. புண்ணே இல்லாமல் ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலும் நடமாட்டத்தை நிறுத்திவிட்டு அன்றே போ.

இந்த மாசித் திருவிழாவில் அண்ணன் பூக்குழி இறங்கவில்லை. நேர்த்திக்கடனை மகன் செலுத்தினான். அண்ணன் காப்புக் கட்டிக்கொண்டு, கூட்டத்துக்கு வெளியே செருப்புக் காலோடு நின்று கும்பிட்டார். அம்மன் முன் செருப்போடு நிற்கிறோமே என்று கொஞ்சம் அழுதார். நானும் பக்கத்தில் நின்றேன். வீட்டுக்கு வந்ததும் அவராகவே கண்ணாடியை எடுத்துத் தரையில் வைத்தார்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். இன்று ராத்திரி காலுறையைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிப் படுத்துக்கொள். மருமகளை உன் பாதப் பக்கம் உட்காரச் சொல். இரண்டு காலிலும் கட்டை விரல், நடு விரல், சுண்டு விரல், இந்த ஆறின் நுனியையும் மாற்றி மாற்றி ஆட்காட்டி விரலால் லேசாக ஓரிரு நொடி தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ தடவவோ கூடாது. தொட்டது தெரிந்ததும் வலது இடது என்று நீ சொல்ல வேண்டும். இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியாமல் போனால் கால் மரத்துவிட்டது என்று பொருள், அடுத்த நாளே டாக்டரிடம் போக வேண்டும். எல்லாம் தெரிந்தாலும் இந்த மதமதப்பை அவரிடம் சொல்லத்தான் வேண்டும்.

ஆறில் எத்தனை சொன்னாய் என்று மறு தபாலில் எழுது.

உன் அன்புத் தோழி