பங்குச்சந்தை வகுப்பு நடத்துவோருக்கு ஈரோட்டிலிருந்து ஒரு மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்ட்ராடே (பங்கை வாங்கி அன்றே விற்பது) வகுப்பு எடுக்கும் எல்லோருக்கும் வணக்கமுங்க.

நான் ஈரோட்டில் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். ஜூலை பிறந்தால் உங்கள் மாணவர்கள் என் மேசைக்கு வருவார்கள். போன வருஷம் வந்த ஒரு தம்பிக்குப் பெருந்துறை சிப்காட்டில் வேலை. புரோக்கர் அனுப்பிய லாப நட்டக் கணக்கைப் பிரிண்ட் எடுத்து வந்திருந்தான். மொத்தம் 412 வரிசை, ஒவ்வொன்றும் ஒரு தடவை வாங்கி விற்றது. வாங்கி விற்றதில் போனது 51,000 ரூபாய். அது அவனுக்குத் தெரியும். கடைசிப் பக்கத்தில் புரோக்கரேஜ், எஸ்.டி.டி. (பங்கு பரிவர்த்தனை வரி), ஜி.எஸ்.டி. என்று தனியாகச் சுமார் 34,000 ரூபாய் கிடந்தது. அதை அவன் அன்றுவரை கூட்டியே பார்த்ததில்லை.

“இதைச் சம்பளத்துல கழிச்சுக்கலாமுங்களாண்ணா?” என்று கேட்டான்.

கழிக்க முடியாது. இன்ட்ராடே நட்டம் ஊக வணிக நட்டம். ஊக வணிக லாபம் வந்தால் அதில்தான் கழிக்கலாம், அதுவும் அடுத்த 4 வருஷத்துக்குள். விலை வரைபடத்துக் கேண்டில் பேரெல்லாம் மனப்பாடமாய்ச் சொன்ன பையனின் வகுப்பு நோட்டில் இந்தச் செலவும் இல்லை, வரியும் இல்லை.

பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வை நீங்கள் படித்திருப்பீர்கள். 2022-23இல் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் 10 பேருக்கு 7 பேர் நட்டப்பட்டார்கள். வருஷத்துக்கு 500 தடவைக்கு மேல் செய்தவர்களில் 80 சதவீதம். பழகப் பழகக் கைவரும் என்கிறீர்கள். அப்படியானால் அதிகம் செய்தவருக்கு நட்டம் குறைந்திருக்க வேண்டாமா?

நம்மூர் ஆட்களுக்கு வியாபாரம் புதிதல்ல. மஞ்சள் ஏலத்துக்கு மூட்டை கொண்டுவரும் விவசாயி, விலை படியாவிட்டால் விற்பதில்லை. குடோனில் அடுக்கிவிட்டு அடுத்த பட்டம் வரைக்கும் பொறுப்பார். இன்ட்ராடேயில் அந்த உரிமையே கிடையாது. பிற்பகல் சந்தை மூடும் முன்பே புரோக்கரின் கம்ப்யூட்டரே கணக்கை முடித்துவிடும். கையில் இருப்பதைப் போல ஐந்து மடங்கு வரை வாங்க வைக்கும் மார்ஜினும் அந்த ஒரு நாளுக்குத்தான்.

வைத்திருந்தால் லாபம் நிச்சயம் என்று நான் சொல்லவில்லை. விலை ஏறுமென்று வருஷக்கணக்கில் மஞ்சளை வைத்து நொந்தவர்களும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். டெலிவரி எடுத்தால், அதாவது அன்றே விற்காமல் பங்கை வைத்துக்கொண்டால், எஸ்.டி.டி. வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம், ஒரு தடவைக்குப் பார்த்தால் இன்ட்ராடேயைவிட அதிகம்தான். ஆனால் அதைக் கட்டுவது ஐந்து வருஷத்தில் ஒரு தடவை, வருஷத்துக்கு 412 தடவை அல்ல. கம்பெனி நல்லதாக இருந்தால் டிவிடெண்டும் வரும். ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்தால் 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரியில்லை. முக்கியமாக, வேலை நேரத்தில் போனைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டாம். சாயம் போடும் டையிங்கில் நிற்கும் ஆள் மிஷினைப் பார்ப்பதா, திரையைப் பார்ப்பதா?

உங்களிடம் கேட்பது இதுதான். பணம் கட்டச் சொல்வதற்கு முன்னால், முதல் மணி நேரத்திலேயே செபியின் அந்தக் கணக்கைப் பலகையில் எழுதுங்கள். ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கி அதே விலைக்கு அன்றே விற்றாலும் ஏறக்குறைய 80 ரூபாய் போகும் என்பதை ஒவ்வொரு பையனையும் அவன் கையாலேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் சேருகிறவர்கள் சேரட்டும்.

அந்தத் தம்பியின் 412 வரிசைக் கணக்கைப் பெயரை மறைத்து உங்களுக்குத் தருகிறேன். அவனிடம் கேட்டுவிட்டேன். “காட்டுங்கண்ணா” என்றான்.