நீட்சிப் பட்டியலோடு அனுமதி விவரத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லினக்ஸ் கணினியில் ஃபயர்பாக்ஸ் உலாவியை நம் வசதிக்கு மாற்றிக்கொள்ள 'கட்டாயம் வேண்டிய நீட்சிகள்' (உலாவியில் கூடுதல் வசதிகளைச் சேர்க்கும் சிறு நிரல்கள்) என்று பட்டியல் போடுவது நாளிதழ்களின் கணினிப் பக்கங்களில் வழக்கமாகிவிட்டது. நீட்சியின் பெயரும் ஒரு வரி விளக்கமும் இருக்கும். அது என்ன அனுமதி கேட்கும், யார் எழுதியது, எந்த வகை ஃபயர்பாக்ஸில் தகராறு செய்யும் என்ற மூன்றும் இருக்காது. அதைப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டை ஏற்றிக்கொண்டவர், உலாவி திணறும்போது லினக்ஸையே குறை சொல்கிறார். அந்த மூன்று விவரங்களும் ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நீட்சியைத் தேடும் முன், கணினியில் இருக்கும் ஃபயர்பாக்ஸ் எந்த வழியாக வந்தது என்று பார்க்க வேண்டும். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் 22.04 பதிப்பு முதல் அது ஸ்னாப் என்ற வகைப் பொதியாகத்தான் (நிரலை நிறுவுவதற்கான தொகுப்பு) வருகிறது. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் நீண்டகால ஆதரவு கொண்ட ஈஎஸ்ஆர் பதிப்பு, டெப் என்ற வழக்கமான வகைப் பொதியாக. ஃப்ளாட்பேக் என்ற மற்றொரு பொதி முறை வழியாகப் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. 'ஹெல்ப்' மெனுவில் 'மோர் ட்ரபுள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' பக்கத்தைத் திறந்தால் புத்தகக்குறிகள், பாஸ்வேர்டுகள் போன்ற நம் தரவு இருக்கும் ப்ரொஃபைல் கோப்புறையின் முகவரி தெரியும். அதில் 'ஸ்னாப்' என்ற சொல் இருந்தால் ஸ்னாப்; வீட்டு அடைவின் '.வார்' என்ற மறைகோப்புறைக்குள் இருந்தால் ஃப்ளாட்பேக்.

இந்த இரண்டும் உலாவியை ஓர் அடைப்புக்குள் வைத்து ஓட்டுகின்றன. பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் ஸ்னாப் ஃபயர்பாக்ஸுக்கு, வீட்டு அடைவில் புள்ளியில் தொடங்கும் மறைகோப்புறைகளைத் திறக்க அனுமதி இல்லை. தற்காலிகக் கோப்புகளுக்கான 'டெம்ப்' அடைவும் அதற்குத் தனியாக ஒன்று. தரவிறக்கிய நீட்சிக் கோப்பை அங்கே வைத்துவிட்டு 'கோப்பிலிருந்து நிறுவு' என்று கொடுத்தால் அதன் கண்ணுக்கு எதுவும் படாது. கோப்பை 'டவுன்லோட்ஸ்' கோப்புறைக்கு நகர்த்தினாலே சரியாகிவிடும். கீபாஸ்எக்ஸ்சி போன்ற பாஸ்வேர்டு பெட்டகங்களின் நிலை இன்னும் சிக்கல். அவற்றின் நீட்சி, உலாவிக்கு வெளியே இருக்கும் நிரலோடு பேசியாக வேண்டும். அடைப்புக்குள் இருக்கும் உலாவியில், குறிப்பாக ஃப்ளாட்பேக்கில், அந்தப் பேச்சு அறுந்துபோகும். நீட்சியை எத்தனை முறை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டாலும் பலன் இருக்காது.

ஸ்னாப் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மோசில்லாவே 2024 ஜனவரி முதல் ஆப்ட் (டெப் பொதிகளை இறக்கி நிறுவும் கருவி) களஞ்சியம் ஒன்றைத் தருகிறது. சாவிக் கோப்பை இறக்கி, களஞ்சிய வரியைச் சேர்த்து, 'அப்டேட்' கொடுத்து, ஃபயர்பாக்ஸை நிறுவினால் மறுபடியும் ஸ்னாப்பே வந்து உட்காரும். பலர் சறுக்கும் இடம் இது. காரணம் பதிப்பு எண்ணில் இருக்கிறது. உபுண்டு களஞ்சியத்தில் ஃபயர்பாக்ஸ் என்ற பெயரில் இருப்பது ஸ்னாப்பை அழைத்து வரும் வெற்றுப் பொதி. அதன் எண் '1:1' என்று தொடங்கும். முக்காற்புள்ளிக்கு முன்னால் இருக்கும் 1 என்பதற்கு 'இபாக்' என்று பெயர். ஆப்ட் முதலில் ஒப்பிடுவது அதைத்தான். மோசில்லா பொதிக்கு இபாக் கிடையாது, அதாவது பூஜ்யம். ஆகவே 122 ஆனாலும் 140 ஆனாலும் 1:1-ஐ விடப் பழையது என்றே ஆப்ட் முடிவு செய்கிறது.

இதற்கு மாற்று, ஆப்ட்டின் 'ப்ரிஃபரன்சஸ்' கோப்புறையில் மோசில்லா களஞ்சியத்துக்கு முன்னுரிமை 1000 என்று எழுதி ஒரு சிறு கோப்பை வைப்பது. 900 என்று எழுதினால் போதாது. வெற்றுப் பொதி ஏற்கெனவே கணினியில் இருந்தால், மோசில்லா பொதிக்கு மாறுவதை ஆப்ட் 'பதிப்பு இறக்கம்' என்று கணக்கிடும். முன்னுரிமை 1000-ஆகவோ அதற்கு மேலாகவோ இருந்தால் மட்டுமே இறக்கத்துக்குச் சம்மதிக்கும்.

ஸ்னாப்பை நீக்கும் முன் ப்ரொஃபைல் கோப்புறையைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், ஃபயர்பாக்ஸை முழுமையாக மூடிவிட்டு. திறந்திருக்கும்போது எடுத்த பிரதியில் புத்தகக்குறிகள் அரைகுறையாக இருக்கக்கூடும். பாஸ்வேர்டுகளை மட்டும் தனியாக எடுப்பவர்கள் 'லாகின்ஸ்' கோப்போடு 'கீ4' கோப்பையும் சேர்த்து எடுக்க வேண்டும். முதலாவது பூட்டு, இரண்டாவது சாவி. புதிய பதிப்பின் ப்ரொஃபைலை ஈஎஸ்ஆரில் வைத்துத் திறந்தால் 'பழைய பதிப்பைத் திறந்திருக்கிறீர்கள்' என்று சொல்லி ஃபயர்பாக்ஸ் மறுத்துவிடும். 67-ஆம் பதிப்பிலிருந்து இந்தத் தடை இருக்கிறது. தரவு கெடாமல் இருக்கத்தான் இது. குறுக்கு வழியில் தாண்ட வேண்டாம்.

அடுத்தது அனுமதி. நீட்சியை நிறுவும்போது ஒரு சிறிய பெட்டி வருகிறது. அதில் 'எல்லா வலைத்தளங்களிலும் உங்கள் தரவை அணுகுதல்' என்ற வரி இருந்தால், வங்கிப் பக்கத்தில் நீங்கள் தட்டுவதையும் மின்னஞ்சலில் படிப்பதையும் அந்த நீட்சி பார்க்கலாம் என்று பொருள். விளம்பரத் தடுப்பானுக்கு அந்த அனுமதி இல்லாமல் வேலையே இல்லை. வானிலை காட்டுவதற்கு எதற்கு? 2018 ஜூலையில் ஸ்டைலிஷ் என்ற நீட்சியை மோசில்லா நீக்கியது. தளங்களின் தோற்றத்தை மாற்றுவதற்காக ஏராளமானோர் வைத்திருந்த நீட்சி அது. கைமாறிய பிறகு, பயனர் பார்க்கும் முகவரிகளை எல்லாம் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு நீட்சி புதிய அனுமதி கேட்டால் ஃபயர்பாக்ஸ் நம்மிடம் கேட்டுவிட்டுத்தான் புதுப்பிக்கும். ஆனால் எல்லாத் தளங்களுக்கும் அனுமதியை முதல் நாளே வாங்கிவிட்ட நீட்சி, உரிமையாளர் மாறினாலும் மறுபடி கேட்க வேண்டியதில்லை. அந்த முதல் நாள் பெட்டியை நிறுத்திப் படிக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான்.

நீட்சியின் பக்கத்தில் 'ரெக்கமெண்டட்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அவற்றை மோசில்லா ஊழியர்களே பரிசோதிக்கிறார்கள். முத்திரை இல்லாதவை எல்லாம் மோசம் என்பதல்ல, ஆனால் அவற்றை யாரும் தொடர்ந்து கண்காணிப்பதில்லை.

விளம்பரத் தடுப்புக்கு யூபிளாக் ஆரிஜின் ஒன்றே போதும். 'ஆரிஜின்' என்ற சொல்லும், எழுதியவர் ரேமண்ட் ஹில் என்பதும் இருக்க வேண்டும். அந்தச் சொல் இல்லாத யூபிளாக் வேறொன்று. அதனுடன் இன்னொரு தடுப்பானைச் சேர்த்து வைத்தால் ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும், வேகமும் குறையும். யூபிளாக் ஆரிஜினில், எதைத் தடுப்பது என்று சொல்லும் வடிகட்டிப் பட்டியல்கள் அனைத்தையும் தேர்ந்தெடுப்பதும் அதே தவறுதான். முன்னிருப்பாக வருபவற்றோடு இந்திய மொழித் தளங்களுக்கான இந்தியன்லிஸ்ட்டைச் சேர்த்துக்கொண்டால் போதும். ஏதாவது ஒரு தளம் சரியாகத் திறக்கவில்லை என்றால், நீட்சியை நீக்க வேண்டாம். அதன் பெட்டியில் இருக்கும் பெரிய மின்பொத்தானை அழுத்திப் பக்கத்தைப் புதுப்பித்தால் அந்தத் தளத்துக்கு மட்டும் அணைந்துவிடும். நாளிதழ்கள் விளம்பர வருவாயில் நடப்பவை. தினமும் படிக்கும் நாளிதழின் தளத்துக்கு இப்படி அணைத்து வைப்பது முறையானது என்பது எங்கள் கருத்து.

தமிழ்த் தட்டச்சுக்கு நீட்சி தேடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு காலத்தில் தமிழ்விசை போன்ற நீட்சிகள் பெரிய உதவியாக இருந்தன. 2017 நவம்பரில் வந்த 57-ஆம் பதிப்போடு பழைய வகை நீட்சிகளுக்கே இடமில்லாமல் போயிற்று. இன்று அந்த வேலைக்கு உலாவி நீட்சி தேவையில்லை. எல்லாத் தளத்திலும் எழுத உதவும் நீட்சி, எல்லாத் தளத்திலும் விழும் விசைகளைப் பார்க்கவும் செய்யும். லினக்ஸிலேயே பல மொழித் தட்டச்சுக்கான ஐபஸ்-எம்17என் பொதியை நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்நுழைந்து, விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 விசை முறையைச் சேர்த்தால் உலாவி, லிப்ரே ஆஃபிஸ், டெர்மினல் எல்லாவற்றிலும் எழுதலாம். எழுத்து சிறியதாகத் தெரிகிறது என்பதற்கும் நீட்சி வேண்டாம். அமைப்புகளில் 'ஃபான்ட்ஸ்' பகுதியின் 'அட்வான்ஸ்டு' பொத்தானை அழுத்தி, மொழியைத் தமிழ் என்று மாற்றி, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவையும் குறைந்தபட்ச எழுத்தளவையும் தேர்ந்தெடுங்கள். மொழியை மாற்றாமல் லத்தீனுக்கே அளவைக் கூட்டிவிட்டு, தமிழ் பெரிதாகவில்லையே என்று திகைப்பவர்கள் அதிகம்.

கருவிப்பட்டையின் தோற்றத்தை மாற்ற விரும்புவோர் 'யூசர்குரோம்' கோப்பை எழுதலாம். 69-ஆம் பதிப்பிலிருந்து ஃபயர்பாக்ஸ் அந்தக் கோப்பைத் தானாகப் படிப்பதில்லை. 'அபவுட்:கான்ஃபிக்' பக்கத்தில் 'ஸ்டைல்ஷீட்ஸ்' என்று தேடி, 'லெகசி யூசர் ப்ரொஃபைல்' என்று வரும் அமைப்பை 'ட்ரூ' ஆக்க வேண்டும். விண்டோஸில் பழகியவர்கள் இன்னொரு இடத்தில் ஏமாறுவார்கள். லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. ப்ரொஃபைலுக்குள் இந்தக் கோப்பை வைக்கும் 'குரோம்' கோப்புறையின் பெயர் முழுவதும் சிறிய எழுத்தில். கோப்பின் பெயரில் 'யூசர்' சிறிய எழுத்தில் தொடங்கி, 'குரோம்' பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் பிழைச் செய்தி எதுவும் வராது, மாற்றமும் நடக்காது. பதிப்பு உயரும்போது இந்தக் கோப்பு உடைவது சகஜம். மாற்றங்களைச் சில வரிகளோடு நிறுத்திக்கொண்டால் திருத்துவது எளிது.

எல்லா நீட்சிகளும் ஒரே நாளில் செயலிழந்தால் அது நீட்சிகளின் குற்றமல்ல. நீட்சிகளின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் மூலச் சான்றிதழ் ஒன்று 2025 மார்ச் 14 அன்று காலாவதியானது. 128-க்கும், ஈஎஸ்ஆர் 115.13-க்கும் முந்தைய பதிப்புகளில் நீட்சிகள் முடங்கியதற்குக் காரணம் அதுதான். பழைய லேப்டாப்பில் புதுப்பிப்பை நிறுத்தி வைத்திருப்பவர்கள் முதலில் பதிப்பு எண்ணைப் பார்க்க வேண்டும். கையொப்பச் சோதனையையே அணைத்துவிடச் சொல்லும் யோசனைகளைப் பின்பற்றாதீர்கள்.

உலாவி திணறினால், ஷிஃப்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்துங்கள். எந்தத் தாவல் எவ்வளவு நினைவகம் எடுக்கிறது, நீட்சிகள் எவ்வளவு எடுக்கின்றன என்று வரிசையாகத் தெரியும். பிறகு 'ஹெல்ப்' மெனுவில் 'ட்ரபுள்ஷூட் மோட்' கொடுத்துப் பாருங்கள். அதில் சிக்கல் மறைந்தால் நீட்சிதான் காரணம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அந்த முறை நீட்சிகளோடு வன்பொருள் முடுக்கத்தையும் (படம் வரையும் வேலையைக் கிராஃபிக்ஸ் சில்லிடம் விடுவது) அணைத்துவிடுகிறது. லினக்ஸில் வீடியோ சிமிட்டுவது, திரை கருப்பாவது போன்றவற்றுக்குக் கிராஃபிக்ஸ் டிரைவரே காரணமாக இருப்பது உண்டு. ஆகவே சாதாரண முறைக்குத் திரும்பி, அமைப்புகளின் 'பெர்ஃபாமன்ஸ்' பகுதியில் வன்பொருள் முடுக்கத்தை மட்டும் அணைத்து, உலாவியை மூடித் திறந்து பாருங்கள். அப்போதும் திணறினால் நீட்சிகளில் பாதியை அணையுங்கள். சரியானால் குற்றவாளி அந்தப் பாதியில், இல்லையென்றால் மறு பாதியில். 16 நீட்சிகள் இருந்தாலும் நான்கே சோதனையில் பிடித்துவிடலாம்.

பள்ளி, நூலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர்கள் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து நிறுவ வேண்டியதில்லை. 'பாலிசீஸ்' என்ற ஜேசன் (அமைப்புகளை எழுதும் ஓர் உரை வடிவம்) கோப்பில் எந்த நீட்சி தானாக வர வேண்டும், மற்றவை தடுக்கப்பட வேண்டுமா என்று எழுதி வைத்தால் ஃபயர்பாக்ஸ் அதன்படி நடக்கும். கடைசி வரிக்குப் பின் ஒரு காற்புள்ளி மிஞ்சிவிட்டால் முழுக் கோப்பும் செல்லாது. 'அபவுட்:பாலிசீஸ்' பக்கத்தைத் திறந்தால் கோப்பு ஏற்கப்பட்டதா, பிழை இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அடுத்த முறை நீட்சிப் பட்டியல் வெளியிடும்போது ஒவ்வொரு பெயருக்கும் கீழே, கேட்கும் அனுமதிகள், எழுதியவர் பெயர், ஸ்னாப்பிலும் ஃப்ளாட்பேக்கிலும் வேலை செய்கிறதா என்ற விவரம் ஆகிய மூன்றையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறோம். இடம் போதாதென்றால் பத்து நீட்சிகளுக்குப் பதில் நான்கை மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
லினக்ஸ் கணினிகளைப் பராமரிக்கும் பணியாளர்கள் சிலர்