பூங்காவில் தேங்கும் குப்பையை அன்றாடம் அகற்றவும் அடிப்படை வசதிகள் செய்துதரவும் கோரும் மனு

அனுப்புநர்:
பூங்காவைச் சுற்றிக் குடியிருக்கும் பொதுமக்கள்

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்

பொருள்: எங்கள் வார்டுப் பூங்காவில் குப்பை அகற்றும் முறையைச் சீர்செய்தல், கழிப்பறை, குடிநீர், சாய்தளம், விளக்கு வசதி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் மனைப்பிரிவுக்கு அனுமதி பெற்றபோது திறந்தவெளி ஒதுக்கீடாகத் தானப் பத்திரம் எழுதி மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்ட இடத்தில், எட்டு வடிவ நடைபாதையும் சிறுவர் விளையாட்டுப் பகுதியும் கொண்ட பூங்கா அமைந்துள்ளது. விடியற்காலையில் முதியவர்களும் மாலையில் பிள்ளைகளும் வந்து போகும் இந்த இடத்தை விட்டால் எங்கள் பகுதியில் காற்றாட உட்கார வேறு பொது இடம் கிடையாது. இதன் இன்றைய நிலையைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவரவே இம்மனுவை அளிக்கிறோம்.

பூங்காவில் குப்பை போடுபவர்கள் வெளியூரிலிருந்து வருவதில்லை. எங்களில் சிலரும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளும்தான் போடுகிறார்கள் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் குப்பைத் தொட்டியில் போட நினைப்பவரும் போட முடியாத நிலை இங்கு உள்ளது. பச்சை, நீல நிறத் தொட்டிகள் இரண்டும் நுழைவாயிலை ஒட்டி மட்டுமே வைக்கப்பட்டுள்ளன; மக்கள் உட்கார்ந்து உண்ணும் இருக்கைகளோ மறுகோடியில் இருக்கின்றன. சனிக்கிழமை மாலையே நிரம்பிவிடும் தொட்டிகள் திங்கட்கிழமை முற்பகல்வரை அப்படியே இருப்பதால், இடையில் வரும் குப்பை தொட்டியைச் சுற்றிக் குவிகிறது. இரவில் நாய்கள் பிரியாணிப் பொட்டலங்களை இழுத்துப் புல்வெளி முழுவதும் பரப்பிவிடுகின்றன. ஞாயிறு மாலைகளில் பிறந்தநாள் கேக் வெட்டிவிட்டுச் செல்பவர்கள் வெடிக்கவிடும் சரிகைத் துணுக்குகள் புல்லின் வேரோடு சிக்கிக்கொள்கின்றன. அவற்றைத் துடைப்பத்தால் கூட்ட முடியாது, கையால்தான் பொறுக்க வேண்டும். காலையில் தனியாளாக வரும் தூய்மைப் பணியாளர் குனிந்து அதைச் செய்வதைப் பார்க்க எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது.

இதைவிடக் கவலை தருவது உடைந்த மதுப்புட்டிகள். முழுப் புட்டியைப் பொறுக்கிச் செல்ல ஆள் உண்டு. உடைந்ததை எடுக்க ஆள் இல்லை. கடந்த மாதம் சறுக்குமரத்தின் கீழுள்ள மணலில் புதைந்திருந்த கண்ணாடிச் சில்லு குத்தி ஒரு சிறுவனின் உள்ளங்காலில் தையல் போட நேர்ந்தது. அன்று முதல் பல தாய்மார்கள் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடுவதில்லை. ஆகவே அந்த மணலை ஒருமுறை முழுவதும் சலித்து எடுத்து, தேவைப்படின் புதுமணல் நிரப்பித் தருமாறு முதற்கண் வேண்டுகிறோம்.

வாசலில் இளநீர் விற்பவர் வெட்டிப்போடும் கூடுகளிலும், தூக்கி எறியப்பட்ட தேநீர்க் குவளைகளிலும் மழைநீர் தேங்குகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய சிறிதளவு நன்னீரிலேயே முட்டையிட்டு, ஏறத்தாழ 8 முதல் 10 நாட்களில் முழுக்கொசுவாகிவிடும் என்பதால், வாரம் ஒருமுறையேனும் இவை விடுபடாமல் அகற்றப்பட்டாக வேண்டும். அந்த வியாபாரியை அப்புறப்படுத்தச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. கூடுகளை அன்றன்றே அவர் ஒப்படைக்க ஓர் ஏற்பாடு செய்துகொடுத்தால் போதும். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளைகள் 1.1.2019 முதல் தமிழகத்தில் தடைசெய்யப்பட்ட 14 வகைப் பொருட்களில் அடங்கும். அப்படியிருந்தும் பூங்காவைச் சுற்றியுள்ள கடைகளில் அவை தாராளமாகப் புழங்குவதால், சுகாதார ஆய்வாளர் அங்கும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

இலைச்சருகு பற்றித் தனியே சொல்ல வேண்டியுள்ளது. புங்கையும் தூங்குமூஞ்சியும் உதிர்க்கும் சருகுகளை மூலையில் குவித்துத் தீ வைக்கும் வழக்கம் இங்கே உள்ளது. மூச்சுப் பயிற்சிக்கு வருபவர்கள் அந்தப் புகையைத்தான் இழுக்கிறார்கள். சருகை எரிக்கக் கூடாது என்றும், பூங்காக் கழிவை இயன்றவரை பூங்காவிலேயே பதப்படுத்த வேண்டும் என்றும் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறுகின்றன. கம்பிவலை அடித்த இரண்டு உரத்தொட்டிகளை ஒரு மூலையில் அமைத்துக் கொடுத்தால், ஒன்று நிரம்பி மக்கும்வரை மற்றொன்றைப் பயன்படுத்தலாம். கிடைக்கும் உரம் இங்குள்ள செடிகளுக்கே போதும். அவற்றைக் கிளறிவிட்டு நீர் தெளிக்கும் வேலையைக் குடியிருப்போர் முறைவைத்துச் செய்ய எழுத்துமூலம் ஒப்புக்கொள்கிறோம்.

வசதிகளைப் பொறுத்தவரை, முதல் தேவை கழிப்பறை. கட்டடம் இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. மோட்டார் பழுது என்று சொல்லி மாதக்கணக்காகத் திறக்கப்படவில்லை. நீரிழிவு உள்ள முதியவர்களும் பெண்களும் அரைமணி நேரத்தில் வீடு திரும்பிவிடுவதற்கு இதுவே காரணம்; அவர்களில் பலர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். மோட்டாரைச் சீர்செய்து, பூங்கா திறந்திருக்கும் நேரம் முழுவதும் கழிப்பறையும் திறந்திருக்க, பெண் பணியாளர் ஒருவரையும் நியமித்து ஆணையிட வேண்டுகிறோம். குடிநீர்க் குழாய் ஒன்றும், எரியாத விளக்குகளுக்கு மாற்றும் தேவை.

இருசக்கர வாகனங்களைத் தடுக்க நுழைவாயிலில் வளைத்து வைத்துள்ள இரும்புக் குழாய்கள் சக்கர நாற்காலியையும் தடுத்துவிடுகின்றன. பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட ஒருவரை அவருடைய மகன் வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்து, வெளியிலேயே சற்று நேரம் நிறுத்தித் திரும்பிச் செல்வதை நாங்கள் பார்த்திருக்கிறோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பொது இடங்களில் தடையற்ற சூழலை வலியுறுத்துவதைக் கருதி, ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில் சாய்தளமும், சக்கர நாற்காலி நுழையத்தக்க தனிக்கதவும் அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ஒட்டுமொத்தத் தூய்மைப் பணி என்று ஆண்டுக்கு ஒருநாள் வாகனங்கள் வந்து, படம் எடுத்து, மறுவாரமே பழைய நிலை திரும்புவதை இருமுறை கண்டுவிட்டோம். எனவே எங்கள் வேண்டுகோள் ஒருநாள் துப்புரவு அன்று. தொட்டிகளை இருக்கைகளுக்கு அருகில் மாற்றி வைத்து, நாள்தோறும் காலையிலும், சனி, ஞாயிறுகளில் இரவு பூங்காவை மூடும் நேரத்திலும் காலிசெய்வதென்று நேரம் குறித்து, அந்நேரத்தையும் பொறுப்பு அலுவலரின் தொலைபேசி எண்ணையும் வாசலில் எழுதி வைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். தாங்களோ தங்கள் பிரதிநிதியோ ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணியளவில் நேரில் வந்து பார்வையிட்டால் மேற்கூறிய அனைத்தையும் காணலாம். நாங்கள் உடனிருந்து காட்டுவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பூங்காவைப் பயன்படுத்தும் பொதுமக்கள்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், ஒளிப்படங்கள்