'கேன்' பற்றிக் கேட்டிருந்தாயே

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. அண்ணனுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கும் நிம்மதி. இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் நலம். மகள் வேலை மாறிவிட்டாள், இப்போது தினமும் எம்ஆர்டி ரயிலில் ஜூரோங் வரை போய் வருகிறாள்.

சரி, பேத்திக்கு ஆங்கில 'கேன்' (can), 'குட்' (could) எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். 'கேன்' என்றால் 'முடியும்' என்று மனப்பாடம் செய்வதில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். 'ஐ கேன் ஸ்விம்' என்பதை நாம் 'எனக்கு நீந்தத் தெரியும்' என்போம். 'யூ கேன் கோ' என்றால் 'நீ போகலாம்'. மூட்டை தூக்குகிற இடத்தில்தான் 'முடியும்' வரும். பழைய ஆங்கிலத்தில் இந்த வினைக்கு அறிதல் என்றே பொருள். 'நோ' (know) என்ற வினைக்கும் இதற்கும் வேர் ஒன்றுதான். அதனால் 'தெரியும்' என்பதிலிருந்து தொடங்கு, சட்டெனப் பிடித்துக்கொள்வாள்.

'குட்' கொஞ்சம் வம்பு. சின்ன வயதில் நீந்தத் தெரியும் என்பதற்கு 'ஐ குட் ஸ்விம்' சரி. ஆனால் நேற்று ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன் என்பதற்கு அது ஆகாது, 'வாஸ் ஏபிள் டு' வேண்டும். பஸ்ஸை விட்டுவிட்டால் மட்டும் 'குடன்ட்' (couldn't) தாராளமாக வரும்! பணிவாகக் கேட்பதற்கும் 'குட் யூ'தான். நாம் 'கொஞ்சம் தண்ணீர் தருகிறீர்களா' என்று கேட்பதுபோல.

இந்த ஊரில் 'கேன்' இன்னும் அதிகம் உழைக்கிறது. தேக்கா சந்தையில் மீனைச் சுத்தம் செய்து தரச் சொல்லி 'கேன் ஆர் நாட்?' என்று கேட்டால், 'கேன், கேன்' என்று பதில் வரும். எழுவாயும் கிடையாது, வேறு வினையும் கிடையாது. மலாய்க்காரர்களின் 'போலே' (boleh, அதாவது 'முடியும்') இப்படித்தான் தனியாக நின்று பதில் சொல்லும். சீனத்திலும் அதே வழக்கம். நம் 'முடியுமா?', 'முடியும்' மட்டும் என்ன? அந்தந்த வீட்டு மொழியின் நடையிலேயே எல்லாரும் அந்தச் சொல்லைப் பேசிப் பழகிவிட்டார்கள்.

2000-இல் 'நல்ல ஆங்கிலம் பேசுவோம்' இயக்கம் தொடங்கியது. தேர்விலும் நேர்காணலிலும் முழு வாக்கியம் வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை, பிள்ளைகளுக்கு இரண்டும் தெரிய வேண்டும். ஆனால் சந்தைப் பேச்சைக் கொச்சை என்று யாராவது ஒதுக்கினால் மனசு வலிக்கிறது. மலாய், சீன, தமிழ் மக்கள் ஒருவரோடொருவர் சகஜமாகப் பழகுவது இந்தப் பேச்சில்தானே.

பேத்தி எழுதும் வாக்கியங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அப்புறம், பொங்கலுக்கு வருவதாக இருக்கிறோம். டிக்கெட் போட்டதும் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்