ஏற்கப்படாத கொடை

அன்பு நண்பா,

உன் கடிதத்தை இருமுறை வாசித்தேன். விபத்தில் மூளைச்சாவு அடைந்த உன் அண்ணன் மகனின் உறுப்புகளைத் தர வீட்டார் சம்மதித்த பிறகும், இரத்தத்தில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் இருப்பதைக் காரணம் காட்டி அவற்றை ஏற்க மறுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். "என் பிள்ளை அப்படி என்ன தப்பு செய்தான்?" என்று அண்ணி அழுததைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவன் எந்தத் தப்பும் செய்திருக்க வேண்டியதில்லை. எப்போதோ ஏற்றிய இரத்தத்தின் வழியாகவோ, தூய்மை செய்யாத ஊசியின் வழியாகவோ அந்தக் கிருமி வந்திருக்கலாம். பல ஆண்டுகள் அறிகுறியே காட்டாமல் உடலில் தங்கியிருப்பது அதன் இயல்பு.

இத்தகைய இரத்த மாதிரிகளைச் சோதிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். 'இருக்கிறது' என்று வரும் முடிவைவிட 'இல்லை' என்று வரும் முடிவுக்கே நான் அதிகம் அஞ்சுகிறேன். ஹெபடைடிஸ் சி தொற்றியபின் அதை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் தென்பட எட்டு முதல் பத்து வாரங்கள்வரை ஆகலாம்; வைரஸின் மரபுப் பொருளையே தேடும் நியூக்ளிக் அமிலப் பரிசோதனை அந்த இடைவெளியை ஏறக்குறைய ஒரு வாரமாகக் குறைக்கிறதே தவிர, முற்றிலும் நீக்குவதில்லை. விபத்தில் சிக்கியவருக்கு நிறைய இரத்தமும் திரவங்களும் ஏற்றியபின் எடுத்த மாதிரியில் எதிர்ப்பொருள் நீர்த்துப்போய்ப் பொய்யான 'இல்லை' வரக்கூடும் என்பதால், அவசரப் பிரிவில் முதன்முதலில் எடுத்த இரத்தக் குழாயைத் தேடி வாங்குவோம். இவை அனைத்தையும் சில மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும்.

துயரத்தில் இருப்பவர்களிடம் பயணம், பச்சை குத்தியது, விலங்குக் கடி என்று துருவித் துருவிக் கேட்பது உன் அண்ணனைப் புண்படுத்தியதாக எழுதியிருந்தாய். 2004இல் அமெரிக்காவில் ஒரே கொடையாளரின் கல்லீரலையும், இரு சிறுநீரகங்களையும், இரத்தக்குழாய்ப் பகுதியொன்றையும் பெற்ற நால்வரும் ரேபிஸ் நோயால் இறந்தார்கள். அந்தக் கொடையாளரை வௌவால் கடித்திருந்த செய்தி பிறகுதான் தெரியவந்தது. அந்தக் கேள்விகள் எவ்வளவு கசந்தாலும் கேட்டே ஆக வேண்டியவை.

ஆனால் ஹெபடைடிஸ் சி விஷயத்தில் என் மனம் வேறு பக்கம் சாய்கிறது. வைரஸை நேரடியாகத் தாக்கும் புதிய மாத்திரைகள் எட்டு முதல் 12 வாரங்களில் நூற்றுக்கு 95 பேருக்கும் மேல் குணமாக்குவதால், பெறுபவரின் முழு ஒப்புதலோடு இத்தகைய உறுப்புகளைத் தொற்றில்லாதவர்களுக்கே பொருத்தி, பின்னர் மருந்து தந்து குணப்படுத்துகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் 2008 முதலே எச்.ஐ.வி. உள்ளவரின் சிறுநீரகம் எச்.ஐ.வி. உள்ள நோயாளிக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது. மருந்தோ, ஒப்புதல் தந்த நோயாளியோ அந்த நேரத்தில் கைக்கெட்டாமல் போயிருந்தால் மருத்துவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் உன் அண்ணன் மகனின் சிறுநீரகங்கள் யாருக்கும் போய்ச் சேராதது எனக்கு ஆறாத வருத்தமே.

கடைசியாக ஒன்று. இந்தக் கிருமி சில வேளைகளில் பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கு வருவதுண்டு. ஆகவே அண்ணியும் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. பழி சொல்வதாக அவர் எண்ணிவிடாதபடி, தொலைபேசியில் சொல்லாமல், நேரில் பக்கத்தில் உட்கார்ந்து நீயே சொல். முடிவு வந்ததும் எனக்கு அனுப்பு, நான் பார்க்கிறேன்.

உன் அன்பு நண்பன்