பிள்ளைகளின் சான்றிதழுக்கு வழி செய்க

ஆசிரியருக்கு,

வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளின் படிப்பு பற்றிய தலையங்கம் மொழிச் சிக்கலைச் சரியாகவே சுட்டியது. பழங்குடித் தகுதியையும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அரசியலமைப்பின் 342ஆம் பிரிவின்படி பழங்குடிகளின் பட்டியல் மாநிலவாரியானது. ஜார்க்கண்டில் பழங்குடியான சந்தால் குடும்பத்துக்குத் திருப்பூரில் மாநில இடஒதுக்கீடு கிடையாது. 1990இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. வீட்டில் சந்தாலி, பள்ளியில் தமிழ், கையில் செல்லாத சான்று என்றால் குடும்பத்தை ஊரில் விட்டு ஆண்கள் மட்டுமே வேலைக்கு வருவதில் வியப்பென்ன?

மத்திய அரசுச் சலுகைகளுக்கான தகுதி போய்விடுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. தந்தைக்குச் சொந்த மாநிலத்தில் தரப்பட்ட சான்றைக் காட்டினால், பிள்ளைக்கு இங்கேயே வெளிமாநிலத்தவருக்கான சான்று வழங்க மத்திய அரசின் வழிகாட்டுதல் உண்டு. மனு நின்றுபோவது பெரும்பாலும் எழுத்துக்கூட்டலில்தான். தந்தையின் சான்று இந்தியில் இருக்கும். ஆதாரில் 'முர்மு' என்ற குடும்பப் பெயர் 'மர்மு' என்றிருக்கும். உடனே ஊருக்குப் போய்த் திருத்தி வரச் சொல்கிறார்கள். நாள்கூலிக்காரருக்கு அது பல நாள் சம்பளம். பள்ளிச் சேர்க்கைக் காலத்தில் இந்தி, ஒடியா படிக்கத் தெரிந்த ஒருவரை வட்டாட்சியர் அலுவலகத்தில் அமர்த்தி, வழங்கிய மாநிலத்திடம் அலுவலகமே நேரடியாகச் சரிபார்க்க அரசு ஆணையிட வேண்டும்.

– வாசகர், திருப்பூர்