கருவண்டு வேறு, பம்பிள் பீ வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இமயமலையில் பம்பிள் பீ என்கிற தேனீ வகைப் பூச்சிகளைத் தேடிக் கணக்கெடுப்பவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மனசு நிறைந்தது. ஆனால் படத்துக்குக் கீழே ‘கருவண்டு’ என்று போட்டுவிட்டீர்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் படித்தால், கொட்டகை மூங்கிலைத் துளைக்கிற வண்டைத்தான் மலையேறித் தேடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

பம்பிள் பீ குளிர்ப் பிரதேசத்துப் பூச்சி. வயிறு வரைக்கும் அடர்ந்த மயிர். பறக்கும் முன் இறக்கைத் தசைகளை நடுக்கி உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும். பெரும்பாலும் எலி விட்டுப்போன வளையில் ராணியோடு கூட்டமாக வாழும். இந்தியாவில் ஏறக்குறைய 48 இனங்கள் உண்டு. அவற்றின் வீடு இமயமலைதான். காவிரிப் பாசனத்தில் ஒன்றுகூடக் கிடையாது.

நம் கருவண்டுக்கு வயிறு மழமழவென்று மின்னும். ராணியும் இல்லை, படையும் இல்லை. பங்குனியில் மாட்டுக்கொட்டகையைப் பிரித்தபோது ஒரு கைமரத்து மூங்கிலில் சுண்டுவிரல் நுழையும் அளவு துளை இருந்தது. பிளந்து பார்த்தேன். மரத்தூளைக் குழைத்துத் தட்டிய வட்டத் தடுப்புகள், வரிசையாக ஆறு அறை. ஒவ்வொன்றிலும் மஞ்சள் மகரந்த உருண்டை, சிலவற்றின் மேல் அரிசிபோல ஒரு முட்டை. அந்த மூங்கிலை அப்படியே சேர்த்துக் கட்டி வேலியோரம் சாத்திவைத்தேன்.

பெயர் மாறினால் என்ன என்று விட்டுவிட முடியவில்லை. கணக்கெடுப்பில் பாதி வேலையே பெயரைச் சரியாகப் பிடிப்பதுதான். பம்பிள் பீயில் நிறத்தை நம்பவே கூடாதாம். ஒரே இனம் ஊருக்கு ஊர் வேறு நிறத்தில் இருக்கும். வேறு வேறு இனங்கள் ஒரே இடத்தில் ஒரே சாயலில் திரியும். அதனால் கன்னத்தின் நீளம், ஆண் பூச்சியின் குறியமைப்பு, இப்போது டிஎன்ஏ என்று பார்க்கிறார்கள். காஷ்மீர் மலைகளின் பம்பிள் பீக்களைப் பற்றி பூச்சி ஆய்வாளர் பால் வில்லியம்ஸ் 1991-ல் வெளியிட்ட ஆய்வில் 29 இனங்களைப் பிரித்துக் காட்டினார். வண்டுகளுக்குச் சுரும்பு, ஞிமிறு, தும்பி என்று பெயர் வைத்திருந்த மொழி நம்முடையது. இரண்டு பூச்சிக்கு ஒரே பெயர் போதும் என்று நாம் இருக்கலாமா?

டெல்டாவில் இதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நெல் தன் மகரந்தத்திலேயே மணி பிடித்துவிடும், வண்டின் தயவு வேண்டாம். ஆனால் கொள்ளிடப் படுகையில் கத்தரி போடுகிறவர்களைக் கேளுங்கள். கத்தரிப்பூவின் மகரந்தம் பையின் நுனித் துளை வழியாகத்தான் வெளியே வரும், உலுக்கினால்தான் கொட்டும். தேன்கூடு கட்டுகிற தேனீக்கு அந்த வித்தை வராது. கருவண்டு பூவைக் கட்டிப் பிடித்துத் தொங்கும். பறக்கும்போது இருந்த ரீங்காரம் மாறி ‘ட்ர்ர்’ என்று ஒரு நொடி அதிரும்; அதன் நெஞ்சில் மஞ்சள் தூள் அப்பும். நீலப் பட்டை போட்ட சின்னத் தேனீ ஒன்றும் இதே வேலையைச் செய்கிறது. பம்பிள் பீயும் மலையில் இப்படித்தான் பூவை அதிரவைக்கும். இந்த வித்தையில் இரண்டும் ஒன்றுதான்.

இப்போது கீற்றுக்கொட்டகை போய் இரும்புக் குழாயும் தகரமும் வந்துவிட்டன. காய்ந்த மூங்கில் இல்லாத ஊரில் இந்த வண்டு எங்கே குடியிருக்கும்? குறைந்திருக்கிறதா என்று சொல்லவாவது ஒரு கணக்கு வேண்டும். மலையில் செய்கிற மாதிரியே ஒரு வரப்பைக் குறித்துக்கொண்டு, வாரம் ஒரு நாள் ஒரே நேரத்தில் நடந்து, எந்தப் பூவில் எது எத்தனை என்று எழுதினால் போதும். வேளாண் கல்லூரி மாணவர்களால் முடியாத வேலையில்லை. எருக்கம்பூவிலிருந்தே தொடங்கலாம், அங்கே கருவண்டு வராத நாளில்லை.

அடுத்த இதழில் அந்தப் படக்குறிப்பைத் திருத்திப் போடுங்கள், பம்பிள் பீ என்றே இருக்கட்டும். கணக்கெடுக்க யாராவது முன்வந்தால் எங்கள் படுகைக்கு அனுப்புங்கள். எந்தப் பாத்திக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்று கூடவே நடந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
கத்தரி பயிரிடும் வாசகி,
திருக்காட்டுப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டம்